கெடாரிலிருந்து வந்த டிரம்ஸ்

ராத்திரி பத்தரை மணி. பெரிய வெள்ளிக்கிழமை. விழுப்புரத்திலிருந்து கெடார் போகிற ரோடு... காணையைத் தாண்டிவிட்டால் அந்த நேரத்துக்கு ஒரு டீக்கடைகூடத் திறந்திருக்காது. இரண்டு பக்கமும் கரும்பு. காற்றே இல்லை. ஒரே ஒரு குட்டி யானை வண்டி மட்டும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் மரிய அருண். பக்கத்து சீட்டில் அவன் மகள் வெனிலா. ஆறு வயது. அந்த நேரத்திலும் தூங்காமல் கண்ணை அகல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யார் அந்த மரிய அருண் என்று உடனே ஆரம்பிக்காதீர்கள், சொல்கிறேன். நம் பாட்டுக்குழு இருதயசெல்வியின் கூடப்பிறந்த தம்பி. திண்டிவனத்துக்காரன். அவள் என்னிடம் அழுதுகொண்டே சொன்னது இது. நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன். நம் கோயிலுக்கு வாங்குகிற புது டிரம்ஸ் மேப்பிள் மரமா பிர்ச் மரமா என்று சாயங்காலத்திலிருந்து நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் கேட்கிற ஆட்களா நீங்கள்? கரண்ட் போனது நல்லதாகப் போயிற்று. அந்த மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள். கலைமதி, பயமாக இருந்தால் இப்போதே எழுந்து போய்விடு. பாதியில் எழுந்து போனால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அருண் வாரம் முழுக்க அந்த வண்டியில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றுவான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் டிரம்ஸ் வாசிப்பான். கை அவ்வளவு சுத்தம். ஆனால் அந்த வாசிப்பைக் கேட்க வேண்டிய ஒரே ஆளுக்குக் காது கேட்காது. வெனிலாவுக்குப் பிறவியிலேயே கேட்காது. புதுச்சேரியில் பார்த்தார்கள், சென்னையில் பார்த்தார்கள். காதுக்குள் மெஷின் வைத்தால் கேட்குமே என்று அவன் மனைவி ரோஸ்லின் கேட்டாள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சத்தத்தை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பே இந்தக் குழந்தைக்கு இல்லையம்மா என்றார். திரும்பி வரும்போது அருண் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். குழந்தை அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை நடக்கும்போது வெனிலா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பேஸ் டிரம்மில், அந்தப் பெரிய டிரம்மில், முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அவன் பெடலைக் காலால் ஒரு மிதி மிதித்தான். அவள் சிரித்தாள். இன்னொரு மிதி. இன்னொரு சிரிப்பு. நிறுத்தினான், திரும்பிப் பார்த்தாள். தன் சத்தம் தன் பிள்ளைக்குப் போய்ச் சேர ஒரே ஒரு வழி இருக்கிறது, காது வழியாக இல்லை, உடம்பு வழியாக... அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

அந்த டிரம்ஸ்தான் புயல் மழையில் ஊறிப்போனது. கோயிலுக்குள் முழங்கால் தண்ணீர். தோல் மாற்றலாம், மரம் பிளந்துவிட்டதே, என்ன செய்வது? ஈஸ்டருக்குள் புதுசு வாங்க வேண்டும், தேர்ந்தெடுக்கிற பொறுப்பு உன்னுடையது என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். மேளத்துக்குத் தோல்தான் எல்லாம் என்று நினைப்பீர்கள். இல்லை. தோலைத் தாங்குகிற மர உருளை இருக்கிறதே, ஷெல் என்பார்கள், குரல் அதில்தான் இருக்கிறது. பிர்ச் மரம் வெடுக்கென்று பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். மேப்பிள் நடுவாந்திரம், எல்லாரிடமும் நல்ல பேர் வாங்குகிற மாதிரி. மஹோகனி இன்னும் கீழே இறங்கும். அருண் ஒவ்வொரு கடைக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு போனான். அவள் உள்ளங்கையை ஷெல்லில் வைத்துவிட்டு அவன் அடிப்பான். பிர்ச்சில் கையை உடனே எடுத்துவிட்டாள். மேப்பிளில் கொஞ்சம் யோசித்தாள், தலையை ஆட்டினாள். மஹோகனியில் பாதிச் சிரிப்பு வந்தது. பாதிதான்.

கூட கீபோர்டு வாசிக்கிற ஜூட்டுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்பா, கோயிலுக்கு டிரம்ஸ் வாங்கறியா, பொண்ணுக்கு வாங்கறியா?"

"ரெண்டுக்குந்தான்."

"மைக்குக்கு பிர்ச்சுதான் எடுப்பா இருக்கும். ஈஸ்டரு வந்துருச்சி, ஜல்தியா முடி."

அருண் முடிக்கவில்லை. பெரிய வெள்ளி மத்தியானம் கோலியனூர் செல்வகுமார் போன் பண்ணினான். மைக்செட் வைத்திருக்கிறானே, அவன்தான். "அண்ணே, கெடார்ல சவரிநாதன்னு ஒருத்தரு. கதவு ஜன்னல் செய்றவரு. கையாலயே ஒரு செட்டு செஞ்சி வச்சிருக்காரு. ஒட்டுப்பலகை கெடையாது, முழுப்பலகைய சேத்து சேத்து உருட்டி இருக்காரு. அந்தப் பேஸ் டிரம்ம தட்னா தரையில எறங்குது அண்ணே. நான் தொட்டுப் பாத்தேன்."

தரையில் இறங்குகிறது என்ற ஒரு சொல் போதாதா அவனுக்கு? மறுநாள் ராத்திரி ஈஸ்டர் திருவிழிப்பு. இன்றைக்கு விட்டால் இல்லை. சாயங்காலச் சடங்கு, பவனி எல்லாம் முடித்து, கறுப்புச் சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியை எடுத்தான். துக்க நாளில் போய் மேளம் வாங்குவார்களா, அதுவும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு... ரோஸ்லின் தடுத்துப் பார்த்தாள். "அவ கைதான் ரோஸி சொல்லணும். எனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சவரிநாதன் வீடு ஊருக்கு வெளியே, தனியாக. வாசலில் மஞ்சள் பல்பு ஒன்று. மரச்சுருள் காலில் நொறுங்கியது. ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டை போடவில்லை, தோளில் துண்டு. வாங்க என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்த் தார்ப்பாயை இழுத்தார்.

பலா மரம் மாதிரி மஞ்சள் வெளியே. உள்பக்கம் கறுப்பு. அருண் குனிந்து பார்த்தான். நல்ல பலாவுக்கு ஒரு இனிப்பு வாசனை உண்டு. இதில் அது இல்லை. சாம்பிராணி... பழைய சாம்பிராணி. அதற்கும் அடியில், புதிதாகத் தோண்டிய ஈர மண்.

"இன்னா மரம்ணே?"

"பழைய மரம் தம்பி. பலான்னு வச்சிக்கயேன்."

"தோல் கட்டலியா?"

"கட்டியிருந்தா மட்டும் இன்னிக்கி அடிச்சிருவியா?"

அதுவும் சரிதான். நமக்குத் தெரியுமே. பெரிய வியாழன் ராத்திரி வானவர் கீதம் முடிந்ததும் மணியை நிறுத்திவிடுவார்கள். மேளம் இல்லை. ஈஸ்டர் ராத்திரி அதே கீதம் பாடுகிறவரைக்கும் ஊரே வாயடைத்துக் கிடக்கும். அந்த மூன்று நாளும் மணிக்குப் பதில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். உலோகம் பேசக்கூடாது, தோல் பேசக்கூடாது, மரம் பேசலாம்... அருணுக்கு அந்த நேரத்தில் அதுதான் நினைவுக்கு வந்தது. மேளத்தை அடித்தால்தானே பாவம், மரத்தைத் தட்டினால் என்ன? கையோடு கொண்டுவந்திருந்த டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்தான். விரலை மடக்கி, முட்டியால், பேஸ் டிரம்மின் வெறும் ஷெல்லில் மூன்று தட்டு தட்டினான்.

டொக். டொக். டொக்.

புரிகிறதா என்ன செய்தான் என்று? வாசிக்கவில்லை. கதவைத் தட்டுகிற மாதிரி தட்டினான்.

சத்தம் கீழே இறங்கியது. நெஞ்சுக்கு, வயிற்றுக்கு, சிமென்ட் தரைக்கு. இருபது வருஷமாக டிரம்ஸ் வாசிக்கிறவன், இப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. வெனிலாவைப் பார்த்தான். அவள் ஓடிவந்து இரண்டு உள்ளங்கையையும் ஷெல்லில் வைத்தாள். ஒரு நொடி... இரண்டு நொடி... முகம் மலர்ந்துபோயிற்று. வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவைப் பார்த்து மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தான். "முழுச் சிரிப்புண்ணே. முழுச் சிரிப்பு."

சவரிநாதன் சிரிக்கவில்லை. "பாப்பாக்கு ஏதாவது... தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுதேண்ணே. எண்ணிக் காட்றாளே."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விலை பேசவில்லை. புடிச்சா வச்சிக்க, ஈஸ்டர் போவட்டும், காசு அப்பறம் பாத்துக்கலாம் என்றார். வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார். அருண் வண்டியைக் கிளப்புவதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். பல்பும் அணைந்தது.

விழுப்புரம் தாண்டி, விக்கிரவாண்டி டோல்கேட் வெளிச்சத்தில்தான் அருண் பார்த்தான். வெனிலா சீட்டில் மண்டியிட்டு, பின்பக்கம் திரும்பி, கேபின் தகரத்தில் கையை வைத்திருந்தாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் பேஸ் டிரம் ஒட்டி நின்றது. மூன்று தட்டு தட்டினாள். காத்திருந்தாள். சிரித்தாள். மறுபடி மூன்று தட்டு. காத்திருந்தாள். சிரித்தாள்.

அருணும் ஒரு கையை அந்தத் தகரத்தில் வைத்துப் பார்த்தான். இன்ஜின் அதிர்வுதான். வேறு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. சவரிநாதன் வீட்டில் அவன் தட்டும்போது வெனிலா பக்கத்திலேயே இல்லை. அவன் தட்டி முடித்த பிறகுதான் ஓடிவந்து கையை வைத்தாள். அப்படியானால் எந்த மூன்றை எண்ணிக் காட்டினாள்?

ஏ தென்னரசு, எதற்கு இப்போது பின்னால் திரும்பிப் பார்க்கிறாய்? அங்கே ஒன்றும் இல்லை. கேள்.

மறுநாள் சனிக்கிழமை. பேஸ் டிரம்மை வீட்டு ஹாலில் வைத்திருந்தான். ரோஸ்லின் காலையில் எழுந்து வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னாங்க இது, எழவு வூட்டு வாசன வருது?" ஜன்னலைத் திறந்துவிட்டாள், ஊதுவத்தி ஏற்றினாள். போகவில்லை. வெனிலா இட்லியைத் தொடவில்லை. டிரம்மைக் கட்டிக்கொண்டு கன்னத்தை மரத்தில் வைத்துப் படுத்திருந்தாள். தட்டுவாள், காத்திருப்பாள், சிரிப்பாள். இப்போது மூன்று மட்டும் இல்லை. நான்கு, ஏழு, நிறுத்தி இரண்டு... பேச்சு மாதிரி போய்க்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு ரோஸ்லின் குழந்தைக்குப் பக்கத்தில் படுத்துத் தன் காதை மரத்தில் வைத்தாள். அருண் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. மெதுவாக எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"பொறாண்டுதுங்க... உள்ளருந்து. நகத்தால."

"மரம் காயுது. அந்தச் சத்தமா இருக்கும்."

"எனக்குத் தெரியாதுங்க. எடுத்துக்கினு போய்க் குடுத்துட்டு வந்துருங்க. இப்பவே போங்க."

"ஆறு வருஷத்துல அவ இப்பிடி சிரிச்சி நீ பாத்திருக்கியா? சொல்லு. ஒரு தடவ?"

ரோஸ்லின் அவன் சட்டையை விட்டுவிட்டாள். அவனுக்கு மட்டும் பயம் இல்லையா? இருந்தது. பயத்துக்கும் மேலே ஒரு வயிற்றெரிச்சல் வேறு. தான் ஆறு வருஷமாகத் தட்டாத கதவா? தனக்குக் கிடைக்காத பதில் யாருக்கோ கிடைக்கிறதே என்று. ஆனால் குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்க அவனுக்கு மனசு வரவில்லை. தெரிந்தேதான் வைத்துக்கொண்டான், அதை மறைக்க நான் விரும்பவில்லை. மத்தியானம் தோலை இழுத்துக் கட்டி, கோயிலுக்குக் கொண்டுபோய் மாட்டினான். தோல் மாட்டும்போது வெனிலா அவன் கையைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தான்.

ராத்திரி பதினொன்றரை. கோயிலில் விளக்கெல்லாம் அணைத்தாயிற்று. எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி. வாசகங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. பழைய ஏற்பாட்டுக் கடைசி வாசகம் முடிந்தது... வானவர் கீதம். மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில். விளக்குகள் பளிச்சென்று. வெடி. அருண் காலால் மிதித்தான்.

கடைசி வரிசையில் நின்றவர்களுக்குக்கூட உள்ளங்காலில் அது தெரிந்ததாம். ஜூட் கீபோர்டிலிருந்து திரும்பி, வாயைப் பிளந்து அவனைப் பார்த்தான். இப்படி ஒரு டிரம்ஸ் அந்தக் கோயிலில் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

வெனிலா அவன் காலடியில் உட்கார்ந்து ஷெல்லில் கை வைத்திருந்தாள். முதல் மிதிக்குச் சிரித்தாள். நான்காவது மிதிக்கு அவள் முகம் மாறியது. அவன் முழங்காலைத் தட்டினாள். டிரம்மைக் காட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் வாசித்துக்கொண்டே அவளைப் பார்த்து உதட்டை அசைத்தான். ஒரு நிமிஷம்டா தங்கம், ஒரே நிமிஷம்.

அவள் இரண்டு உள்ளங்கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். தலைக்கு மேலே ஏதோ மூடியிருக்கிற மாதிரி, அதைத் தள்ளினாள். தள்ளினாள். தள்ளினாள். மூச்சு வாங்கினாள். மறுபடி டிரம்மைக் காட்டினாள்.

எப்படி நிறுத்துவான்? மூன்று நாள் ஊரே வாயடைத்துக் காத்திருந்த கீதம். ஆயிரம் பேர் நிற்கிறார்கள். நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது, கால் நிற்கவில்லை. வெனிலா அவன் கெண்டைக்காலைக் கடித்தாள். பல் பதிந்து ரத்தம் வந்தது. மிதித்துக்கொண்டே இருந்தான். கடைசி வரி, கடைசி அடி, பித்தளைத் தட்டு அதிர்ந்து அடங்கியது...

குனிந்து பார்த்தான். வெனிலா அழவில்லை. கையை ஷெல்லிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அத்தோடு முடிந்தது. பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு அவன் அவள் கையைப் பிடித்து ஷெல்லில் வைத்து மிதித்தான். ஒன்றும் இல்லை. வேகமாக மிதித்தான். அவள் வேறு எங்கோ பார்த்தாள். விடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு வண்டி பானெட்டில் அவள் கையை வைத்தான், அசையவில்லை. மைக்செட் ஸ்பீக்கருக்கு முன்னால் நிறுத்தினான். ஜெனரேட்டர் மேல் உட்காரவைத்தான். பழைய பிளந்த டிரம்மைக்கூட எடுத்துவந்து அடித்துப் பார்த்தான். பிள்ளையின் உடம்புக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. இருந்த ஒரே வழியும் அடைத்துக்கொண்டது. ஈஸ்டர் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ரோஸ்லின் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அருண் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு கெடாருக்குப் போனான். வெனிலாவையும் கூட்டிக்கொண்டுதான் போனான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த இடத்தில் வைத்துத் தட்டினால் திரும்பிக் கிடைத்துவிடாதா என்று ஒரு நப்பாசை. குழந்தை முன் சீட்டில் தூங்கிப்போயிருந்தாள்.

சவரிநாதன் பேஸ் டிரம்மைக் கீழே இறக்கித் தோலைக் கழற்றினார். முட்டியால் மூன்று தட்டு தட்டினார். கன்னத்தை மரத்தில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல யாரும் இல்ல தம்பி. காலி மரம்."

அருணுக்குக் கோபம் தலைக்கேறியது. "யாருமில்லன்னா? முந்தி யாருண்ணே இருந்தாங்க? இன்னா மரம் இது? சொல்லிட்டுப் பேசுங்க."

அவர் சொன்னார். அவர் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன்.

"எங்க ஊர்ல அப்பல்லாம் கூலிக்காரன் சாவுக்குத் தனியாப் பொட்டி கெடையாது. ஊருக்கே ஒரு பொட்டி. பலாப்பலகை. அதுல வச்சித் தூக்கிக்கினு போயி, கல்லறையில எறக்கி, பொணத்தத் துணியோட குழியில வச்சிட்டு, பொட்டியத் திருப்பிக் கொண்டாந்துருவோம். அடுத்த ஆளுக்கு. எம் பொண்டாட்டி சவுரியம்மாளுக்குச் சக்கர நோவு. ஒரு நாளு காலைல எழுப்புறேன், சில்லுன்னு கெடக்கறா. மூச்சு இல்ல. டாக்டரக் கூப்புடணும்னு எவனுக்கும் தோணல. எனக்கே தோணல. சாயங்காலமே எடுத்துட்டோம்.

"நான் பேண்டு செட்டுல பெரிய மேளம் அடிக்கறவன். எம் பொண்டாட்டிக்கு நானே அடிக்கணும்னு மாட்டிக்கினேன். ஊரே சொல்லிச்சி, இன்னா அடிடா அதுன்னு. வூட்லருந்து கல்லறை வரிக்கும் ஒரு எடத்துலயும் நிறுத்தல. மூடியத் தெறக்கறோம்... கையக் கும்புட்டாப்புல வச்சி ஜெபமால சுத்திக் கட்டியிருந்தோம். அந்தக் கை ரெண்டும் பிரிஞ்சி மேல கெடக்குது. வெரலு முட்டியில தோலு வழண்டிருக்குது. தூக்கனவனுங்க ஆட்டத்துல அவுந்துட்டதுன்னாங்க. நானும் ஆமான்னேன். உடம்பு சூடா இருந்துச்சி தம்பி. வெயிலு சூடுன்னேன்.

"எட்டு நாளு கழிச்சி தொரக்கண்ணு வந்தான். பின்பக்கம் தூக்கனவன். குடிச்சிட்டு வந்து கால்ல வுழுந்தான். 'தோள்ல தட்டிச்சிண்ணே. வழி முழுக்கத் தட்டிச்சி. நீ அடிக்கற அடிதான் பலகையில அதுருதுன்னு நெனச்சிக்கினேன்'னு அழுவுறான்."

சவரிநாதன் காலி ஷெல்லைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அப்பறம் ஊருக்குச் சாவு வண்டி வந்துருச்சி, பொட்டி வேணாம்னுட்டாங்க. பிரிச்சி வெறகாக்குன்னு என்கிட்ட குடுத்தாங்க. எரிக்க மனசு வருமா? மேளமாச் செஞ்சேன். ராத்திரி ராத்திரி தட்டுவேன். ரெண்டு வருஷம் தட்டியிருக்கேன், சவுரி, நான்தான்டி, ஒரு வார்த்த சொல்லுன்னு. எனக்கு ஒரு தடவகூடப் பதில் வரல. நீ தட்னதும் பாப்பா சிரிச்சிது பாரு... எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. அவளுக்கு என்கிட்ட வர இஷ்டமில்லன்னு தெரிஞ்சிகிட்டேன். போவட்டும்னு குடுத்துட்டேன்."

அருண் தலையைப் பிடித்துக்கொண்டான். கோயிலில் வெனிலா தலைக்கு மேலே கையைத் தூக்கித் தள்ளியது கண்முன் வந்து நின்றது. அவன் மிதித்துக்கொண்டே இருந்ததும்.

"இப்ப எங்கண்ணே போனாங்க?"

சவரிநாதன் எழுந்து வாசலுக்கு வந்தார். வண்டிக் கண்ணாடி வழியாகத் தூங்குகிற குழந்தையை எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு கையையும் கூப்பி அந்தக் குழந்தையைக் கும்பிட்டார். அழுதார்.

டிரம்ஸை அங்கேயே விட்டுவிட்டு அருண் கிளம்பிவிட்டான். இருட்டிப்போயிற்று. விழுப்புரம் வந்தது, போனது. டோல்கேட் தாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி, ரோட்டில் லாரி குறைந்த இடத்தில் வெனிலா தூக்கத்தில் சிணுங்கினாள். அவளைச் சீட்டில் இழுத்துத் தன் தொடையில் சாய்த்துக்கொண்டான். ஒரு கை ஸ்டியரிங்கில். இன்னொரு கையால் முதுகில் தட்டிக்கொடுத்தான். நாம் எல்லாரும் பிள்ளைகளைத் தூங்கவைக்கத் தட்டுவோமே, அப்படித்தான். தட்... தட்... தட்... அவள் அடங்கினாள். அவன் கையை அப்படியே முதுகில் வைத்திருந்தான்.

உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது.

இருதயத் துடிப்பு இல்லை. அது தனியாக ஓடிக்கொண்டிருந்தது. தாளம் எண்ணியே பழகிய கை அவனுடையது, அந்தக் கைக்குத் தெரியாதா? குழந்தையின் துடிப்பு வேகமாக, சின்னதாக, ஒரு பக்கம். இது மெதுவாக, கனமாக, முதுகெலும்புக்கு அடியிலிருந்து. மூன்று தட்டு. அப்புறம் நிற்கும். பதிலுக்கு யாராவது தட்டுவார்களா என்று காத்திருக்கும். மறுபடி மூன்று.

அருண் கையை எடுத்துவிட்டான். எடுத்தாலும் தொடையில் தெரிந்தது. அவள் உடம்பு பட்ட இடத்தில். டொக், டொக், டொக்... "இன்னா செய்யட்டும்? நான் இன்னா செய்யட்டும்?" என்று கத்தினான். எங்கே திறப்பது? எதைத் திறப்பது? பிள்ளையையா? வண்டியில் பென் டிரைவ் இருந்தது. அதைப் போட்டு, பாட்டை வைத்து, சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகினான். கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அதிர்வோடு அதிர்வாக அந்தத் தட்டு கலந்துபோயிற்று. அவனுக்கு மூச்சு வந்தது. அப்படியே திண்டிவனம் வந்து சேர்ந்தான்.

நடந்தது அவ்வளவுதான். வைத்தியம் பார்த்தார்கள், ஜெபம் பண்ணினார்கள், எண்ணெய் பூசினார்கள். ஸ்டெதஸ்கோப் வைத்த டாக்டர் ஒருவர் காதிலிருந்து அதைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு டாக்டரிடம் போங்கள் என்று மட்டும் சொன்னார். வெனிலா இப்போது சிரிப்பதில்லை. எதையும் தட்டுவதில்லை. ராத்திரியானால் கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி கிடக்கிறாள்.

நம்பாவிட்டால் ஒரு நாள் திண்டிவனத்துக்குப் போய்ப் பாருங்கள். அருண் வீட்டில் ராத்திரி முழுக்கப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு ஸ்பீக்கர். அக்கம்பக்கத்தார் சண்டை போட்டுப் பார்த்தார்கள், போலீஸ் வந்து சொல்லிவிட்டுப் போயிற்று. இருதயசெல்வியே போய்க் கெஞ்சினாள். அவன் சத்தத்தைக் குறைப்பதில்லை. அது இல்லாவிட்டால் அவனுக்கும் ரோஸ்லினுக்கும் தூக்கம் வராது.

வெனிலாவுக்குத்தான் அந்தப் பாட்டு கேட்காது.